கறிவேப்பிலை மரத்து வேஷக்காரி

சிதம்பரத்துக் கொல்லைப்புறங்களில் கறிவேப்பிலை மரத்துக்குப் பஞ்சமில்லை. அதைச் சுற்றும் பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சியின் பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், 'சிவப்புடல் அழகி' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உடலைப் பாருங்கள். தலையும் வயிறும் செக்கச்செவேலென்று இருந்தால்தான் அது சிவப்புடல் அழகி. உடல் கறுப்பு என்றால், அது கறிவேப்பிலை அழகியின் பெண், வேஷக்காரி.

சிவப்புடல் அழகிக்கு 1758இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர் பாப்பிலியோ ஹெக்டர். மார்பில் சிவப்புள்ள கறுப்புப் பட்டாம்பூச்சிகளை 'ட்ராய் வீரர்கள்' என்று ஒரு கூட்டமாக்கியவர் அவர். ஹெக்டர் அந்த ஊர் இளவரசன். இப்போது இதன் பேரினம் பாக்லியோப்டா. நிறத்தை மட்டும் பார்த்துச் செய்த பிரிவினை என்றாலும், அந்தச் சிவப்புக்குக் காரணம் இருக்கிறது. இதன் புழு ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை இலைகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்துவைக்கிறது. இறக்கை முளைத்த பிறகும் நஞ்சு போவதில்லை. ஒருமுறை கொத்திய பறவை அடுத்த முறை அந்தச் சிவப்பைக் கண்டாலே விலகும். அதனால்தான் இது அவசரமே இல்லாமல் பறக்கிறது.

கறிவேப்பிலை அழகியிடம் நஞ்சு கிடையாது. ஆண் கறுப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கோ மூன்று தோற்றங்கள்: ஆணைப் போல ஒன்று, நஞ்சுள்ள ரோஜா அழகியைப் போல ஒன்று, சிவப்புடல் அழகியைப் போல ஒன்று. பறவை ஏமாந்ததில் வியப்பில்லை, அறிஞர்களும் ஏமாந்தார்கள். லின்னேயஸ் பாம்மோன், பாலிடெஸ் என்று இரண்டு இனமாக எழுதினார். டச்சுக்காரர் கிராமர் ரோமுலஸ் என்று மூன்றாவதையும் சேர்த்தார். எல்லாம் ஒரே இனம் என்று 1860களில் விளக்கியவர் இயற்கை அறிஞர் வாலஸ். 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணுதான் இந்த வேஷத்தைக் கட்டுகிறது என்று கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் 2014இல் காட்டினார்கள்.

சிவப்புடல் அழகிக்குச் சொந்த பூமி முக்கியமாக இந்தியாவும் இலங்கையும்தான். கறிவேப்பிலை அழகியோ ஜப்பானின் தென்தீவுகள் வரை பரவியிருக்கிறது. அங்கே மியாக்கோ தீவுகளில் ரோஜா அழகி குடியேறிய பிறகு, அதைப் போன்ற வேஷம் கட்டிய பெண்களின் விகிதம் கூடியது.

இட்லிப்பூவில் தேன் குடிக்க இரண்டுமே வரும். உடல் நிறம் பிடிபடவில்லையா? முட்டையிடும்வரை பொறுங்கள். பெண் முன்கால்களால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்த்துத்தான் முட்டை வைக்கும். கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ வைத்தால் வேஷக்காரி. வேலியோர ஈஸ்வரமூலியில் வைத்தால் அசல்.