ஒரு வன்தட்டில் விண்டோஸும் லினக்ஸும்: முதலில் ஆவணங்களுக்கு இடம் ஒதுக்குங்கள்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அதனால், லினக்ஸையும் சேர்த்து நிறுவலாமா என்று கல்முனை, மருதமுனைப் பக்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நிறுவலாம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு விண்டோஸையும், இணைய வேலைகளுக்கு லினக்ஸையும் நான் பயன்படுத்துகிறேன்.

எதற்கு எவ்வளவு இடம் என்பதுதான் அடுத்த கேள்வி. பலர் வன்தட்டைச் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். அதைவிட, முதலில் உங்கள் ஆவணங்களை அளந்து பாருங்கள். இயங்குதளத்தை எத்தனை தடவையும் திரும்ப நிறுவலாம். காணி உறுதியின் படமோ, காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் சொன்ன ஒலிப்பதிவோ அழிந்தால் திரும்பக் கிடைக்காது.

கைபேசியில் எடுத்த ஆவணப் படம் ஒன்று சில எம்பிதான். ஒரு மணிநேர எம்பி3 ஒலிப்பதிவு, 128 கேபிபிஎஸ் தரத்தில், ஏறத்தாழ 58 எம்பி. ஒரு மணிநேர முழு எச்டி காணொளியோ 7 ஜிபியைத் தாண்டக்கூடும். காணொளி சேர்ப்பவருக்கு அதிக இடம் வேண்டும்.

256 ஜிபி வன்தட்டை விண்டோஸ் 238 ஜிபி என்றே காட்டும். அதை இப்படிப் பங்கிடலாம்: விண்டோஸுக்கு 90, லினக்ஸுக்கு 40, ஸ்வாப்புக்கு 8, மீதி 100 ஜிபி அளவு ஆவணங்களுக்குத் தனிப் பிரிவு. உபுண்டு நிறுவ 25 ஜிபி போதும். 40 இருந்தால் பிறகு நெருக்கடி வராது. ஆவணப் பிரிவை என்டிஎஃப்எஸ் வடிவில் அமையுங்கள். லினக்ஸ் அதை வாசிக்கும், எழுதும். லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்தை விண்டோஸ் தானாக வாசிக்காது.

பிரிப்பதற்கு முன்னர் எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் பிரதி எடுங்கள். பிட்லொக்கர் இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஆவணப் பிரிவில் எழுத லினக்ஸ் மறுக்கலாம். பிரிவைச் சுருக்குவதை விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ வழியாகவே செய்யுங்கள். லினக்ஸை நிறுவும்போது முழு வன்தட்டையும் அழிக்கும் தெரிவைத் தொடவேண்டாம்.

இனி விண்டோஸ் பழுதானால் அந்தப் பிரிவை மட்டும் அழித்து நிறுவலாம். ஆவணங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வன்தட்டே செத்தால் எல்லாப் பிரிவுகளும் ஒன்றாகப் போகும். தனிப் பிரிவு என்பது பிரதி அல்ல.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அலுமாரியில் இருந்த உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வீட்டோடு சேர்ந்து போயின. ஆகவே ஒரு பிரதியைக் கரையை விட்டு உள்ளே இருக்கும் உறவினர் வீட்டிலோ, வெளிநாட்டில் இருப்பவரிடமோ கொடுத்து வையுங்கள்.