விண்கல எஞ்சின்கள் – 9: பத்து மாதத் தூக்கம்

செவ்வாய்க்கோ வெள்ளிக்கோ போகிற கலத்தின் பெரிய எஞ்சின் மொத்தப் பயணத்தில் எரிவது சில பத்து நிமிடங்கள்தான். மீதி மாதங்கள் சும்மா கிடக்கும். வம்பே அங்கேதான். ஒரு மாதம் வெளியூர் போய்த் திரும்பி ஸ்கூட்டரை உதைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு தொட்டியில் ஹைட்ரசின் வகை எரிபொருள். இன்னொன்றில் ஆக்சிஜனேற்றியான நைட்ரஜன் டெட்ராக்சைடு. தீப்பொறியே வேண்டாம், தொட்டாலே பற்றிக்கொள்ளும். இரண்டையும் எரிகலனுக்குத் தள்ளிவிடுவது ஹீலியம் வாயுவின் அழுத்தம். அந்த ஹீலியம் பெரும்பாலும் ஒரே சிலிண்டரிலிருந்து இரு தொட்டிகளுக்கும் கிளை பிரிந்து போகிறது. அதனால் எரிகலனில் மட்டுமே சந்திக்க வேண்டியவை பின்வாசல் வழியாகவும் சந்திக்க முடியும். காவலுக்கு ஒருவழி வால்வுகள் உண்டு. திரவத்தை அவை மறித்துவிடும்; ஆவிக்குத்தான் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறதே!

1993 ஆகஸ்ட் 21 அன்று, செவ்வாயை எட்ட மூன்று நாள் இருக்கையில், 'மார்ஸ் அப்சர்வர்' தன் தொட்டிகளுக்கு அழுத்தம் ஏற்றத் தொடங்கியது. அதோடு தொடர்பு அறுந்தது. 11 மாதங்களில் வால்வைத் தாண்டிக் கசிந்த ஆக்சிஜனேற்றி, குழாய்க்குள் எரிபொருளோடு சேர்ந்து வெடித்திருக்கலாம் என்றது விசாரணைக் குழு.

ஜப்பானின் 'அகட்சுகி'க்கு நடந்தது இன்னும் நுட்பமானது. 2010 டிசம்பர் 7, வெள்ளிக் கோளின் அருகே 12 நிமிடம் எரிய வேண்டிய எஞ்சின் இரண்டரை நிமிடத்தில் நின்றுபோனது. வால்வுக்குள் ஆவிகள் கலந்து உப்பு படிந்திருந்தது. வழி அடைபட, ஹீலியம் எரிபொருள் தொட்டிக்குச் சரியாகப் போகவில்லை. எரிபொருள் குறைந்து கலவை மாறியது. சூடு ஏறி, பீங்கான் எஞ்சின் உடைந்தது. கலம் சூரியனைச் சுற்றப் போய்விட்டது. ஜப்பானியர் விடவில்லை. பயனற்றுப்போன ஆக்சிஜனேற்றியை வெளியே கொட்டி எடையைக் குறைத்தார்கள். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, கலத்தைத் திருப்ப வைத்திருந்த குட்டி உந்திகளை 20 நிமிடம் எரித்து, வெள்ளியைச் சுற்றும் பாதையில் சேர்த்தார்கள்.

மங்கள்யானில் இருந்த 440 நியூட்டன் எஞ்சின் இஸ்ரோவுக்குப் பழகிய எஞ்சின். ஆனால் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களில் அதன் வேலை முதல் சில நாட்களிலேயே முடிந்துவிடும். இங்கேயோ 2013 டிசம்பர் 1-க்குப் பிறகு 300 நாள் ஓய்வு. அதற்காகவே இரண்டாவதாக ஒரு தனிக் குழாய்த்தடம் போட்டு, செவ்வாயை எட்டும்வரை மூடி வைத்தார்கள். எஞ்சின் கைவிட்டால் உதவ 22 நியூட்டன் உந்திகள் எட்டு.

2014 செப்டம்பர் 22 அன்று எஞ்சினை 4 வினாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து நடந்த 24 நிமிட எரிப்பைத்தான் ஊரே கொண்டாடியது. என் ஓட்டு அந்த 4 வினாடிக்கு.

வியாழனைச் சுற்றிய 'ஜூனோ'வில் 2016 அக்டோபரில் ஹீலியம் வால்வுகள் சில வினாடிகளில் திறக்காமல் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டன. நாசா எஞ்சினை எழுப்பவே இல்லை. 14 நாள் சுற்றுக்கு மாறும் திட்டத்தைக் கைவிட்டு, 53 நாள் சுற்றிலேயே ஆய்வைத் தொடர்ந்தது.

(தொடரும்)