ஓவியத்தில் நின்ற பெண்

பல ஆண்டுகளுக்கு முன்னர், பௌதிக வகுப்பொன்றில் ஓர் ஓவியத்தின் பிரதியை மாணவருக்குக் காட்டினேன். 1942 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆம் நாள், சிக்காகோப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் கீழே உலகின் முதலாவது அணு உலை இயங்கிய காட்சி அது. அவ்வேளையில் எவரும் புகைப்படம் எடுக்கவில்லை. பின்னாளில் ஓவியர் ஒருவர் தீட்டியதே நமக்குக் கிடைத்துள்ளது. என்றிக்கோ பேர்மியைச் சுட்டிக் காட்டிச் சங்கிலித் தாக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இத்தனை ஆண்களுக்குள் ஒரு பெண்ணும் நிற்கிறாவே, அவ யார்?" என்று கேட்டாள்.

எத்தனையோ முறை பார்த்த ஓவியம். எனினும் அதில் ஒரு பெண் இருப்பதை அன்றுதான் கண்டேன். "யாரேனும் எழுதுவினைஞராக இருக்கலாம்" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த விடைக்குப் பிராயச்சித்தமாகவே இதனை எழுதுகின்றேன்.

அவர் பெயர் லியோனா வூட்ஸ். 1919 ஓகஸ்ட் 9 இல், இலினோய் மாநிலத்தில் பிறந்தவர். பத்தொன்பதாம் வயதிலேயே சிக்காகோவில் இரசாயனப் பட்டம் பெற்றார். நோபெற் பரிசு பெற்ற ஜேம்ஸ் பிராங்கிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர விரும்பியபோது, பெண்ணாகையால் இத்துறையில் பட்டினி கிடக்க நேரும் என்று அவர் எச்சரித்தார். யூதராகிய பிராங்கிற்கும் அவருடைய இளமையில் இதே எச்சரிக்கை விடுக்கப்பட்டதாம்! லியோனா பின்வாங்கவில்லை. றொபேட் முல்லிகனிடம் ஆய்வு செய்து, 1943 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பேர்மி குழுவினர் அவரை நாடியது அவருடைய கைத்திறனுக்காக. நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை; ஆகவே அதனை நேரே அறிய இயலாது. போரன் முப்புளோரைட்டு வாயு நிரப்பிய குழாயில் நியூத்திரன் புகுந்தால், போரன் அதனை விழுங்கி அல்பாத் துணிக்கை ஒன்றை உமிழும். அதனால் எழும் மின்துடிப்பை எண்ணலாம். இந்த எண்ணிகளை ஆக்கியவர் லியோனா. பென்சிற்கரிக் கட்டிகளும் யுரேனியமும் 57 அடுக்குகளாக உயர்ந்தபோது, உலை எந்நிலையில் உள்ளது என்பதை அக்கருவிகளே உரைத்தன. அன்று அங்கு நின்ற 49 பேருள் அவர் ஒருவரே பெண், வயது 23. உலை 28 நிமிடம் இயங்கியது. வலு அரை உவாற்று மாத்திரமே. யூஜீன் விக்னர் கொணர்ந்த திராட்சை மதுவைக் காகிதக் கிண்ணங்களில் ஊற்றி, ஆரவாரமின்றி அருந்தினர்.

1943 இல் சக விஞ்ஞானி ஜோன் மார்சலை மணந்தார். கருவுற்றதைப் பேர்மியிடம் சொன்னார். ஆனால் உலைக்குப் பொறுப்பாயிருந்த வால்டர் சின்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உலைக்கு அருகே விட்டிருக்கமாட்டார்கள். தளர்ந்த வேலையுடுப்பினுள் தம் நிலையை மறைத்தே பணிபுரிந்தார். 1944 இல் மகன் பிறந்து ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். இத்துணிவை வியப்பதா, அத்தகைய மறைப்புக்கு ஒரு தாயைத் தள்ளிய சூழலை நோவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னர் கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள ஹான்போட்டுக்குச் சென்றார். அங்கு புளூட்டோனியம் ஆக்கும் பேருலை எழுந்தது. அதனை அமைத்தோர் அவர் ஒருவருக்கெனத் தனிக் கழிப்பறை கட்ட வேண்டியதாயிற்று. 1944 செப்ரெம்பரில் உலை இயங்கத் தொடங்கிச் சில மணி நேரத்தில் தானாகவே தளர்ந்து அடங்கியது; மறுநாள் தானாகவே உயிர்த்தது. காரணத்தைத் தேடியவர்களுள் லியோனாவும் ஒருவர். ஜோன் வீலர் முதலியோர் கண்ட உண்மை இது: பிளவில் தோன்றும் அயடீன் தேய்ந்து செனன் 135 ஆக மாறுகிறது, அது நியூத்திரன்களைப் பேராவலுடன் விழுங்குகிறது. ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் அச்செனனிற் பாதி அழிந்துவிடுவதால் உலை மீண்டும் விழிக்கிறது. 1,500 குழாய்கள் போதுமெனக் கணித்த இடத்தில், பொறியியலாளர் முன்னெச்சரிக்கையாக 2,004 அமைத்திருந்தனர். அம்மிகுதியே உலையைக் காத்தது.

இங்கே என் பேனா சற்றுத் தயங்குகிறது. அவ்வுலைகள் தந்த புளூட்டோனியம் 1945 ஓகஸ்ட் 9 இல் நாகசாகியின் மீது வீழ்ந்தது. அன்று லியோனாவுக்கு 26 வயது நிறைந்த பிறந்தநாள். ஜேர்மனி முந்திவிடுமோ என்ற அச்சமே தம்மை உந்தியது என்றும், செய்ததற்கு வருந்தவில்லை என்றும் அவர் பிற்காலத்திற் கூறினார். அவ்விடை என் நெஞ்சுக்கு ஒவ்வவில்லை. ஆயினும், ஆண் விஞ்ஞானியைப் புகழும்போது நாம் மறந்துவிடும் கேள்வியைப் பெண்ணிடம் மாத்திரம் கேட்பதும் நீதியன்று. புகழில் அவருக்குப் பங்குண்டு, பொறுப்பிலும் பங்குண்டு.

பிற்காலத்தில் மரங்களின் ஆண்டு வளையங்களிலுள்ள சமதானிகளை அளந்து பண்டைக் காலநிலையை ஆராய்ந்தார். நியூத்திரன்களை எண்ணியவர், மரத்தினுள் உறைந்த வெயிலையும் மழையையும் வாசிக்க முயன்றார். 1986 இல் மறைந்தார்.

ஆசிரிய நண்பர்களே, அந்த ஓவியத்தை வகுப்பிற் காட்ட நேர்ந்தால் அவர் பெயரையும் சொல்லுங்கள். என்னிடம் கேள்வி கேட்ட மாணவி இன்று எங்கிருக்கிறாளோ அறியேன். இப்பக்கம் அவள் கண்ணிற் படுமாயின், என் விடையைத் திருத்திக்கொள்ளட்டும்: மகளே, அவர் எழுதுவினைஞர் அல்லர். அன்று அவ்வுலையின் நாடியைப் பிடித்துப் பார்த்த கருவி அவர் கையால் ஆனது.