தூக்கிப் பார்த்தால் தெரியும்: இசட் அச்சின் ஆட்டம்

வீட்டு மேசையில் வைத்திருக்கும் 3018 வகை சிஎன்சியில் சர்க்யூட் போர்டு செதுக்குகிறீர்கள். ஒரு கோடு செம்பை அறுத்துக்கொண்டு அழகாக விழுகிறது. பக்கத்துக் கோட்டில் பிட் வெறுமனே கீறிவிட்டுப் போகிறது. போர்டின் மேல் இருக்கும் செம்பு வழக்கமாக 0.035 மி.மீ. தடிமன்தான். 0.1 மி.மீ. ஆழத்துக்கு அமைத்த பிட் அதே 0.1 எழும்பிவிட்டால் செம்பை அறுக்காது. 0.1 கூடுதலாக இறங்கினாலோ, 30 பாகை 'வி' பிட்டின் கோடு 0.05 மி.மீ.க்கு மேல் அகன்று பக்கத்துத் தடத்தைக் கடித்துவிடும்.

உடனே ஆலன் கீயை எடுத்துக் கண்ணில் பட்ட ஸ்குரூவையெல்லாம் முறுக்கத் தோன்றும். பொறுங்கள். ஆட்டம் எந்த இணைப்பில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இது ஆட்டம்தானா?

வேறு மூன்று கோளாறுகளும் இதே போலத் தோன்றும். போர்டின் ஒரு மூலையில் ஆழமாகவும் இன்னொரு மூலையில் மேலோட்டமாகவும் வெட்டினால், போர்டோ படுக்கையோ சமமாக இல்லை. நேரம் ஆக ஆகப் பிழை கூடிக்கொண்டே போனால், மோட்டார் ஸ்டெப்புகளைத் தவறவிடுகிறது. அல்லது பிட்டோ, மோட்டாரையும் லீட் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கோ நழுவுகிறது. 10 மி.மீ. நகரச் சொன்னால் 9.8, 20 சொன்னால் 19.6 என்று தூரத்துக்கு ஏற்பப் பிழை வளர்ந்தால், ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்ற கணக்கு தவறு. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றையும் 16 ஆகப் பிரித்தால் 3200. ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்குரூ என்றால், ஜிஆர்பிஎல் கட்டுப்பாட்டு மென்பொருளில் $102-இன் மதிப்பு 800 ஆக இருக்க வேண்டும். 8 மி.மீ. ஸ்குரூவுக்கு 400.

ஆட்டம் இப்படி வளராது. எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அதன் எல்லை மாறாது. பட்டறை வைஸின் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது, தாடை நகரும் முன் கைப்பிடி சற்று வெறுமனே சுற்றுமே, அதுதான் ஆட்டம்.

எடை மறைக்கும் குறை

கிடைமட்ட அச்சுகளில் இந்த வெற்றுச் சுற்று உடனே தெரிந்துவிடும். இசட் அச்சில் தெரியாது. ஸ்பிண்டிலின் எடை நட்டை எப்போதும் ஸ்குரூ மரையின் மேல்முகத்தில் உட்கார வைத்திருக்கிறது. காற்றில் ஏற்றினாலும் இறக்கினாலும் நட்டு அதே முகத்தில்தான் பயணிக்கிறது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தாலும் முள் ஒழுங்காகவே காட்டும்.

பிட் பொருளில் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பொருள் மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் எடையை மிஞ்சினால் நட்டு மரையின் மறுமுகத்துக்கு ஏறிவிடும். துளை மறுபக்கம் திறக்கும் நொடியில் தள்ளல் இல்லாமல் போக, ஸ்பிண்டில் பொத்தென்று கீழே உட்காரும். மெல்லிய டிரில்கள் அந்த நேரத்தில் முறியக்கூடும். தூளை மேலே தள்ளும் சுருள் பிட் பொருளுக்குள் தன்னையே இழுத்துக்கொள்வதால், பக்கவாட்டில் வெட்டும்போது எடைக்குத் துணை போகும். தூளைக் கீழே அழுத்தும் பிட் ஸ்பிண்டிலை மேலே தள்ளி ஆட்டத்தைத் திறந்துவிடும்.

தூக்கிப் பார்க்கும் சோதனை

பிட்டைக் கழற்றுங்கள். ஸ்பிண்டில் ஓடக்கூடாது, ஆனால் இசட் மோட்டார் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜிஆர்பிஎல்லில் $1-ஐ 255 என்று வைத்தால் மோட்டார் பிடியை விடாது. 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் போதும். அலுமினியச் சட்டத்தில் காந்த ஸ்டாண்டு ஒட்டாது. ஒரு இரும்புத் தகட்டைப் படுக்கையில் போல்ட் போட்டு, அதன் மேல் நிறுத்துங்கள்.

இனி ஸ்பிண்டிலைக் கையால் மேலே தூக்கி விடுங்கள். கேஜ் முனையை ஒவ்வோர் இடமாக மாற்றி, முள் எங்கே அசைகிறது என்று பாருங்கள்.

*லீட் ஸ்குரூவே ஏறி இறங்கினால்* கோளாறு நட்டுக்கு மேலே இருக்கிறது. கப்ளிங்கின் கிரப் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். சுருள் வெட்டு போட்ட கப்ளிங் என்றால், அதுவே ஸ்பிரிங் போல நீண்டு சுருங்கும். ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டும் உள்ளே இருக்கும் அலை வாஷரை அழுத்திக்கொண்டு சற்றே நகரக்கூடும்.

*ஸ்குரூ அசையாமல் ஸ்பிண்டிலைத் தாங்கும் வண்டி மட்டும் எழும்பினால்* நட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது நட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கின்றன.

*வண்டி அசையாமல் ஸ்பிண்டில் எழும்பினால்* கிளாம்ப்பைப் பாருங்கள். ஸ்பிண்டிலின் உடலும் அசையாமல் தண்டு மட்டும் எழும்பினால் அதன் பேரிங்.

*முன்னும் பின்னும் தலையாட்டினால்* அது வேறு ஆட்டம். வழிகாட்டிக் கம்பிகளோ அவற்றில் ஓடும் லீனியர் பேரிங்குகளோ தளர்ந்திருக்கின்றன. நட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

சரிசெய்வது

கிரப் ஸ்குரூ உருண்டையான தண்டில் நிற்காது. தண்டில் அரத்தால் சிறு தட்டை முகம் ராவி, ஸ்குரூ அதன் மேல் உட்காரும்படி முறுக்கி, மரைப் பசை ஒரு சொட்டு விடுங்கள். கப்ளிங் நீள்கிறது என்றால், ஸ்பிண்டிலின் எடையை அது சுமக்கவே கூடாது. ஸ்குரூ நுழையும் தகட்டின் மேலும் கீழும் ஒவ்வொரு த்ரஸ்ட் பேரிங், அவற்றை நெருக்கிப் பிடிக்க இரண்டு காலர்கள் போட்டால், எடையும் தள்ளலும் தகட்டுக்குப் போய்விடும். அதன்பின் கப்ளிங்குக்குச் சுழற்றும் வேலை மட்டுமே.

நட்டில் ஆட்டம் என்றால் நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைப் பித்தளை நட்டு நல்ல மாற்று. பலர் இதில் ஒரு தவறு செய்கிறார்கள்: ஸ்பிரிங்கை அழுத்தாமலே ஸ்குரூவில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்றினால் சாதா நட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஸ்பிரிங்கைப் பாதியளவு அழுத்திப் பிடித்தபடி இரண்டாவது நட்டின் மரையைக் கோக்க வேண்டும். வெட்டும் விசை ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சினால் ஆட்டம் மறுபடி திறக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மென்பொருளில் ஈடுகட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். மாக்3, லினக்ஸ்சிஎன்சி இரண்டிலும் அந்த வசதி உண்டு, ஜிஆர்பிஎல் 1.1-இல் கிடையாது. இசட் அச்சில் அது இருந்தாலும் ஆபத்துதான். திசை மாறும்போதெல்லாம் மென்பொருள் கூடுதலாக நகர்த்தும். ஆனால் எடை ஏற்கெனவே ஆட்டத்தை அடைத்து வைத்திருப்பதால் அந்தக் கூடுதல் நகர்வு புதிய பிழையாகிவிடும்.

ஒன்றைச் சரிசெய்ததும் மறுபடி தூக்கிப் பாருங்கள். மரம் செதுக்குபவருக்கு 0.1 மி.மீ. பெரிய குறையில்லை, சர்க்யூட் போர்டுக்கு 0.02, 0.03 வரை இறக்க வேண்டும். முள் அசையவே கூடாது என்று நட்டை நெருக்கிக்கொண்டே போகாதீர்கள். நட்டு இறுகினால் மோட்டார் ஸ்டெப்புகளைத் தவறவிடத் தொடங்கும். ஆட்டமாவது ஓர் எல்லைக்குள் நிற்கும். தவறிய ஸ்டெப் கூடிக்கொண்டே போகும்.