பரிமாற்ற மாணவரின் பாடத் தேர்வு: கையொப்பமும் காலக்கெடுவும்

ஐரோப்பாவில் 1987இல் தொடங்கப்பட்ட எராஸ்மஸ் திட்டத்தின்கீழ், ஒரு பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர் வேறொரு நாட்டில் ஒரு பருவமோ ஓராண்டோ படித்து, அங்கு பெற்ற தேர்ச்சியைத் தம் பட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். உரிய உடன்பாடு இருக்குமானால் இந்தியப் பல்கலைக்கழக மாணவர்களும் இவ்வாறு செல்ல முடியும். ஊரையும் தங்குமிடத்தையும் தேர்வதில் காட்டும் அக்கறையைப் பாடத் தேர்வில் பலர் காட்டுவதில்லை. பருவம் வீணாகும் ஆபத்தோ அங்குதான் இருக்கிறது.

மாணவர், அவரை அனுப்பும் தாய்ப் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் ஒப்பமிடும் கற்றல் ஒப்பந்தமே மாணவருக்குள்ள முதன்மையான பாதுகாப்பு. வெளிநாட்டில் படிக்கவிருக்கும் பாடங்களை அதன் ஓர் அட்டவணையும், அவற்றுக்கு ஈடாகத் தாய்ப் பல்கலைக்கழகம் எவற்றை ஏற்கும் என்பதை மற்றோர் அட்டவணையும் குறிக்கின்றன. பாடத்தின் பளுவைக் காட்டும் மதிப்பலகு ஆண்டுக்கு 60, பருவத்துக்கு 30 என்று கணக்கிடப்படுகிறது; ஒரு மதிப்பலகு என்பது வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பாகும். ஆகவே, வாரத்துக்கு இரண்டே வகுப்புகள் கொண்ட பாடமாயினும் அது 10 மதிப்பலகு உடையதென்றால் 250 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்க வேண்டியிருக்கும். பாடத்துக்குப் பாடம் அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்று சில துறைகள் அடம்பிடிப்பதுண்டு. திட்ட விதிகளோ அதைக் கோருவதில்லை, ஒரு தொகுதிக்கு ஈடாக இன்னொரு தொகுதியை ஏற்கவும் இடமளிக்கின்றன.

சிக்கல் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தபின் தொடங்குகிறது. தேர்ந்த பாடம் அந்தப் பருவத்தில் நடத்தப்படாமல் போகலாம், அறிவித்த மொழியில் அல்லாமல் வேறு மொழியில் நடத்தப்படலாம், அல்லது கால அட்டவணையில் இரு பாடங்கள் மோதிக்கொள்ளலாம். இம்மூன்றுமே பாடத்தை மாற்றுவதற்குரிய காரணங்களாக ஒப்பந்தப் படிவத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன. மாற்றத்தை வகுப்புகள் தொடங்கிய ஐந்து வாரங்களுக்குள் கோர வேண்டும். கோரியபின் இரு வாரங்களுக்குள் அது மூன்று தரப்பாலும் ஏற்கப்பட வேண்டும். "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று பேராசிரியர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வேறு பாடத்தில் அமர்ந்தவர், தேர்ச்சி பெற்றும் மதிப்பலகை இழக்க நேரிடலாம்.

நாட்காட்டியையும் ஒப்பிட்டாக வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் பொதுவாக அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்வதால், தாய்ப் பல்கலைக்கழகத்தில் அடுத்த பருவம் அதற்குள் தொடங்கிவிடுமா என்பது புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: இத்தாலியில் 30க்கு 18 தேர்ச்சி, பிரான்சில் 20க்கு 10, ஜெர்மனியிலோ எண் குறையக் குறையத் தரம் உயரும்.

ஏற்கும் பல்கலைக்கழகம் கற்பிப்பு, பதிவு, தேர்வு, நூலக, ஆய்வகக் கட்டணங்களை வாங்கக் கூடாது. காப்பீடு, மாணவர் சங்கம் போன்றவற்றுக்கு உள்ளூர் மாணவரிடம் பெறும் சிறு தொகையை மட்டும் கேட்கலாம். முடிவுகள் வெளியான ஐந்து வாரங்களுக்குள் அது மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும். ஒப்பந்தப்படி தேர்ச்சி பெற்ற பாடங்களைத் தாய்ப் பல்கலைக்கழகம் மறுதேர்வு எதுவும் வைக்காமல் ஏற்றாக வேண்டும். மறுக்கப்பட்டால், ஒப்பமிட்ட ஒப்பந்தம், மாற்றப் படிவம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை இணைத்து முதலில் துறையின் ஒருங்கிணைப்பாளரிடமும், பின்னர் பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடமும் எழுத்தில் முறையிட வேண்டும். அங்கும் தீராதபோது, திட்டத்தை அந்தந்த நாட்டில் நடத்தும் தேசிய முகமையை அணுகலாம்.