மலைக்குடியும் மனநலமும்

திருவண்ணாமலை என்றதும் கோயிலும் கார்த்திகைத் தீபமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மாவட்டத்து ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றிலும், மலையாளிகள் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் கேரளத்தவர் அல்லர்; தமிழ் பேசும் மலைவாணர். அவர்களுள் ஒருவருக்கு மனநோய் கண்டால், உதவச் செல்பவர் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும்? இதனையே மாணவ நேயர்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

நியூஸிலாந்தின் பழங்குடியினரான மவோரி மக்களிடையே பிறந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன், 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்றொரு கொள்கையை வகுத்தார். 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதனைப் பயிற்சியில் சேர்த்தது. சிகிச்சை தனக்குப் பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புக் கூறவேண்டியவர் அதைப் பெறுபவரே என்பது அதன் சாரம்.

நம் மலைக்கும் இது பொருந்தும். "குலதெய்வத்தின் கோபம்" என்று தாய் கூறுகையில் படித்தவர் நகைத்தால், பேச்சு அத்துடன் நின்றுவிடும். மருந்தும் வீட்டினுள் நுழையாது. பூசையைத் தடுக்காமல், மகன் உறங்குகிறானா, உண்கிறானா, காட்டு வேலைக்குச் செல்கிறானா என்று அவர்கள் சொல்லிலேயே கேட்டறிந்தால், மாத்திரைக்கும் இடம் கிடைக்கும்.

ஆயினும் மதிப்பு என்பது எதனையும் பொறுத்தல் அன்று. 2001-இல் ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. தெய்வத்தை விடச் சொல்ல வேண்டுவதில்லை. சங்கிலியை அவிழ்க்கச் சொல்லியே தீரவேண்டும்.