கால், கண், கிட்னி… அதோடு முடிந்ததா?

சுகர் என்று தெரிந்ததும் காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறோம். கண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறோம். கிட்னிக்கு ரத்தம் எடுக்கிறோம். நோயாளி ஆணாக இருந்தால், "வீட்ல எல்லாம் சரியா இருக்கா?" என்று டாக்டர் குரலைத் தணித்துக் கேட்பதும் உண்டு. பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. கோட்டைப்பட்டினம் பகுதியில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேட்காமல் விட்டதெல்லாம் பெண்களுக்குள் எப்படித் தங்கிவிடுகிறது என்று பார்த்திருக்கிறேன்.

பி.பி. பார்த்து, மாத்திரையும் வாங்கி, செருப்பை மாட்டும்போதுதான் பேச்சு வரும். "நர்சம்மா, கீழ ஒரே அரிப்பு." "வெள்ளை படுது, உடம்பு சூடுதானே?" "அவரு பக்கத்துல வந்தாலே எரிச்சல்தான், பயமா இருக்கு." இந்தக் கடைசிப் புகாருக்கு எங்கள் ஊரில் பருவம்கூட உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். இன்னொன்று, சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் லீவில் வரும் மாதம். "அவரு வர்றதுக்குள்ள சரியாகுற மாதிரி ஏதாவது குடுங்க" என்பார்கள்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. இதில் பெண்கள் எத்தனை லட்சம் பேர் என்று யோசித்துப் பாருங்கள். தாம்பத்தியத்தில் அவர்களுக்கு வரும் சிக்கல் மருத்துவத்துக்குப் புதிதும் இல்லை. 1971-லேயே அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கொலோட்னி, சர்க்கரை நோயுள்ள 125 பெண்களிடம் விசாரித்தார். முந்தைய ஓராண்டில் உடலுறவில் உச்சநிலையே அடையவில்லை என்றவர்கள் 35 சதவீதம். நோய் இல்லாத 100 பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம்தான். ஆண்களுக்கான வயாகரா 1998-ல் வந்தது. உலகமே அதைப் பேசியது. பெண்கள் பக்கம் அதே அமைதிதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் அரிப்பு. கேண்டிடா என்ற பூஞ்சை பல பெண்களின் உடலில் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கும். சர்க்கரை கூடினால் அதற்குத் தீனி கூடும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் தளரும். தயிர்த் திப்பி போல வெள்ளை படும், தோல் சிவந்து எரியும். இது உடம்புச் சூடு இல்லை. ஒழுக்கக் குறைவும் இல்லை. சுகர் இருப்பதே தெரியாத பெண்ணுக்கு, அடிக்கடி வரும் இந்த அரிப்புதான் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

தொழுகைக்குச் சுத்தம் வேண்டும் என்று சிலர் டெட்டால் ஊற்றிக் கழுவுவார்கள். சோப்புப் போட்டு உள்ளே வரை தேய்ப்பவர்களும் உண்டு. அதனால் தோல் புண்ணாகி எரிச்சல் இரட்டிப்பாகும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.

அடுத்தது வறட்சி. நீண்ட நாள் சர்க்கரை, சிறு ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. ஈரம் சுரப்பது குறையும், தொடு உணர்ச்சி மங்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனும் குறைவதால் வலி கூடும். வலிக்கும் என்ற பயத்திலேயே ஆசை விலகிப்போகும். "மனசு விட்டுப்போச்சா?" என்று கணவர் சந்தேகப்படுவார், இவளுக்கோ பதில் சொல்லக் கூச்சம்.

மனசுக்கும் இதில் பங்கு உண்டு. டைப் 1 சர்க்கரை நோயுள்ள அமெரிக்க, கனடியப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. தாம்பத்தியச் சிக்கலோடு நெருங்கிய தொடர்புடையவையாக அது கண்டவை இரண்டு: மனச்சோர்வு, திருமணமானவரா இல்லையா என்ற நிலை. அதனால் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒரு பெண் சொன்னால், அதையும் சுகர் நோட்டில் எழுத வேண்டும்.

மாத்திரையையும் கவனியுங்கள்

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் இப்போது பரவலாகிவிட்டன. முதலாவதின் காப்புரிமை இந்தியாவில் 2020-லும் இரண்டாவதின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்ததும் விலை வெகுவாக இறங்கியது. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்துகள். ஆனால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான் இவற்றின் வேலை. அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரை மாற்றியபின் அரிப்பு வந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் வீக்கம், கடும் வலி, கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே அறந்தாங்கியோ புதுக்கோட்டையோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இந்த அரிப்புக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையிலும் ஆபத்து உண்டு. சுகருக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு அது அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். கர்ப்பிணிகள் அதைக் கேட்டு வாங்கவே கூடாது. உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை பலருக்குப் போதும். அதையும் பரிசோதித்தபின் வைப்பதுதான் சரி.

வழி இருக்கிறது

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இறங்கினாலே தொற்று வருவது குறையும். வறட்சிக்குத் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் ஆணுறை கிழியலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பொருந்துமா என்று மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொல்வார். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு உடலுறவின்போது சர்க்கரை இறங்கிப் படபடப்பு வரலாம். கைக்கெட்டும் இடத்தில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

டாக்டர் ஆணாக இருந்தால் வாய் வராது என்பார்கள். அப்படியானால் நர்ஸிடம் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் இருக்கிறாளே, அவளிடம் சொல்லுங்கள். "அரிப்பு இருக்கு, சேரும்போது வலிக்குது, மாத்திரை மாத்தினதுல இருந்துதான்" என்றால் போதும், அவர்களுக்குப் புரியும்.

கணவர்களுக்கும் ஒன்று. உங்களுக்கும் சுகர் இருக்கலாம். உங்களுக்கும் அதே பூஞ்சை வரலாம். எழுச்சி குறைவதும் சுகரால்தான் இருக்கலாம். பழியை வீட்டுக்காரி மேல் போடுவதற்கு முன் நீங்களும் ஒரு டெஸ்ட் எடுங்கள். லீவில் வருகிறவர் முதல் வாரத்திலேயே இருவருமாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை.